கோழியின் தலை உயரத்தில்: கொட்டகைக் காற்றும் கோழி நலமும்

கோழிக் கொட்டகையின் காற்றுத் தரம் என்று கால்நடை அறிவியல் சொல்லும்போது, எச்சத்திலிருந்து எழும் அமோனியா, பறவைகளின் மூச்சிலிருந்தும் குஞ்சுகளுக்குச் சூடு தரும் அடுப்புகளிலிருந்தும் வரும் கரியமில வாயு, தூசி, ஈரப்பதம், வெப்பம் ஆகிய ஐந்தும் அதில் அடங்குகின்றன. இவற்றைத் தனித்தனியே அளக்கலாமே தவிர, தனித்தனியே கட்டுப்படுத்த முடியாது. ஈரம் கூடினால் அமோனியா கூடும், ஈரத்தை முற்றிலும் ஒழித்தால் தூசி எழும், வெப்பத்தைத் தணிக்கத் தண்ணீர் தெளித்தால் மறுபடியும் ஈரம் கூடும். ஆகவே பண்ணையில் அன்றாடம் நடப்பது இந்த ஐந்துக்கும் இடையிலான ஒரு சமரசம்தான். அந்தச் சமரசத்துக்கு எது அளவுகோல் என்று கேட்டால், உடல் எடை, இறப்பு விகிதம், ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் செலவாயிற்று என்பதைக் காட்டும் தீவன மாற்றுத்திறன் ஆகிய மூன்று கணக்குகளைத்தான் தொழில் இதுவரை முன்வைத்து வந்திருக்கிறது. கோழி தன் வாழ்நாளை எவ்வித வேதனையோடு கழிக்கிறது என்பது இக்கணக்குகளில் அரைகுறையாகவே பதிவாகிறது. பதிவாகும் வேளையில் கண்ணும் மூச்சுக்குழலும் ஏற்கெனவே புண்ணாகியிருக்கும். முட்டைக்கோழிக்கு நாமக்கல்லும் கறிக்கோழிக்குப் பல்லடமும் இந்திய அளவில் பெயர் பெற்ற தமிழ்நாட்டில், பக்கவாட்டில் திறந்த கொட்டகைகளே இன்றும் பெரும்பான்மையாக இருப்பதால், காற்று இங்கு ஒரு பிரச்சினையே அல்ல என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அந்த எண்ணம் ஆண்டின் சில மாதங்களுக்கும் ஒரு நாளின் சில மணி நேரத்துக்கும் மட்டுமே பொருந்தும்.

பறவையின் மூச்சமைப்பு பாலூட்டிகளுடையதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. கோழிக்கு உதரவிதானம் இல்லை. அதன் நுரையீரல் விலா எலும்புகளோடு ஒட்டி, விரிந்து சுருங்காமல் நிலையாக இருக்கிறது. துருத்தியின் வேலையைச் செய்பவை, உடற்குழி முழுவதும் பரவியிருக்கும் காற்றுப்பைகள். உள்ளிழுத்த காற்றில் ஒரு பகுதி முதலில் பின்புறக் காற்றுப்பைகளுக்குச் சென்று, பிறகு நுரையீரலின் நுண்குழல்களின் வழியே ஒரே திசையில் பாய்ந்து, முன்புறப் பைகளைக் கடந்து வெளியேறுகிறது; ஒரு மூச்சுக் காற்று உடலைக் கடந்து முடிய இரண்டு மூச்சுச் சுழற்சிகள் ஆகின்றன. இந்த ஒருவழிப் பாய்ச்சல் ஆக்சிஜனைத் திறமையாக உறிஞ்ச உதவுகிறது, அதே திறமையோடு நச்சுவாயுவையும் நுண்தூசியையும் உடலின் ஆழத்துக்குக் கொண்டு செல்கிறது. காற்றுப்பைகளின் மெல்லிய சவ்வில் இரத்த ஓட்டமும் பாதுகாப்புச் செல்களும் மிகக் குறைவு என்பதால், அங்கே படிந்த கிருமியை விரட்டுவது கடினம். பண்ணைகளில் சிஆர்டி என்று அழைக்கப்படும் நாட்பட்ட மூச்சு நோய், காற்றுப்பைகளில் சீழ் கட்டி நிற்பதற்கு இதுவே காரணம்.

இதற்கு மேல் இன்னொரு சுமையும் உண்டு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆகிய ஆண்டுகளின் கறிக்கோழி இனங்களை ஒரே வகைத் தீவனம் கொடுத்து அருகருகே வளர்த்துப் பார்த்தபோது, 56 நாள் வயதில் அவற்றின் சராசரி எடை முறையே சுமார் 0.9 கிலோ, 1.8 கிலோ, 4.2 கிலோவாக இருந்தது. தசை இவ்வளவு வேகமாக வளரும் பறவைக்கு ஆக்சிஜன் தேவையும் அதற்கேற்பக் கூடுகிறது, ஆனால் இதயமும் நுரையீரலும் அதே விகிதத்தில் வளர்வதில்லை. காற்றோட்டம் குறைந்த கொட்டகையில், குறிப்பாகக் குளிர்ந்த இரவுகளில், இத்தகைய பறவைகளின் நுரையீரல் இரத்த அழுத்தம் உயர்ந்து, இதயத்தின் வலப்புறம் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து இறப்பது பண்ணையாளர்கள் நன்கறிந்த நோய். இன்றைய கறிக்கோழிக்கு நல்ல காற்று என்பது அதன் பாட்டன் தலைமுறைக்குத் தேவைப்பட்டதைவிட மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. கொட்டகை கட்டும் பழக்கங்களோ அவ்வளவு வேகமாக மாறவில்லை.

ஐந்து கூறுகளில் அமோனியா பற்றியே மிக அதிகமான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. கோழி தன் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் யூரிக் அமிலமாக, எச்சத்தின் மேல் காணப்படும் வெண்படலமாக வெளியேற்றுகிறது. தரையில் பரப்பிய கூளத்தில் வாழும் நுண்ணுயிரிகள் அதைப் படிப்படியாக யூரியாவாகவும் இறுதியில் அமோனியாவாகவும் சிதைக்கின்றன. இந்தச் சிதைவுக்கு ஈரம், வெப்பம், காரத்தன்மை ஆகிய மூன்றும் துணை. கூளத்தின் கார அமில நிலை 7-க்குக் கீழே இருந்தால் அமோனியா பெரும்பாலும் உப்பாகக் கட்டுண்டு கிடக்கும், 8-ஐத் தாண்டினால் வாயுவாகக் கிளம்பும். காற்றைவிட எடை குறைந்த வாயு என்றாலும், அது பிறக்கும் இடம் தரை என்பதால் காற்றோட்டமற்ற கொட்டகையில் தரையை ஒட்டிய அடுக்கில்தான் அதன் செறிவு மிகுதி. கோழி வாழ்வதும் உறங்குவதும் அந்த அடுக்கில்தான்.

காற்றிலுள்ள அமோனியாவைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று கணக்கிட்டுப் பிபிஎம் என்ற அலகில் சொல்வது வழக்கம். மூச்சுக்குழலின் உட்புறத்தில் குற்றிழைகள் என்ற நுண்ணிய இழைகள் இடைவிடாமல் அசைந்து, சளியில் ஒட்டிய தூசியையும் கிருமியையும் மேல்நோக்கித் தள்ளி வெளியேற்றுகின்றன. அமோனியா இந்த இழைகளை முடக்கி, பிறகு உதிரச் செய்கிறது. ஆண்டர்சன், பியர்ட், ஹான்சன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1964-இல் வெளியிட்ட ஆய்வு, 20 பிபிஎம் அளவிலேயே கோழிகள் வெள்ளைக்கழிச்சல் நோய்க்கு எளிதில் இலக்காவதைக் காட்டியது. மிசிசிப்பியில் மைல்ஸ் குழுவினர் 2004-இல் வெளியிட்ட சோதனையில், 50 பிபிஎம்மில் வளர்ந்த கறிக்கோழிகளின் இறுதி எடை 6 விழுக்காடும், 75 பிபிஎம்மில் 9 விழுக்காடும் குறைந்தன. தூய காற்றில் 5.8 விழுக்காடாக இருந்த இறப்பு 75 பிபிஎம்மில் 13.9 விழுக்காடாக உயர்ந்தது. அந்த எண்களைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியது, எடை இழப்பு தெளிவாகத் தெரிவது 50 பிபிஎம்மில், நோய்த் தடுப்பு குலைவதோ 20 பிபிஎம்மில் என்பதே. எடையை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட கொட்டகைகள் எல்லாம் நல்ல கொட்டகைகளாகவே தெரியும்.

அமோனியா கூடிய கொட்டகையில் கோழிகள் கண்ணை மூடிக்கொண்டு, தலையை உடலோடு ஒடுக்கி நிற்கும், இறக்கையில் கண்ணைத் தேய்க்கும். விழியின் மேற்படலம் வீங்கிப் புண்ணாகி, முற்றிய நிலையில் பார்வை போகும். பார்வை மங்கிய பறவை தீவனத் தட்டைத் தேடித் தவிக்கிறது, மற்றவற்றால் மிதிபடுகிறது. கோழிக்கு மணமறியும் புலன் குறைவு என்றும் ஆகவே அமோனியா அதற்கு உறைக்காது என்றும் நெடுங்காலம் கருதப்பட்டது. கிறிஸ்டென்சன் குழுவினர் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது: தூய காற்று, 25 பிபிஎம், 45 பிபிஎம் ஆகிய மூன்று அறைகளுக்கு இடையே தாமாகச் சென்று வரும் வாய்ப்பு முட்டைக்கோழிகளுக்குத் தரப்பட்டபோது, அவை கிளறி மேய்வதையும் சிறகு கோதுவதையும் ஓய்வெடுப்பதையும் தூய காற்றில்தான் அதிகமாகச் செய்தன. உற்பத்தியைப் பற்றிய ஆயிரம் எண்களைவிட இந்தச் சோதனைக்கு நலவியல் நோக்கில் மதிப்பு அதிகம், ஏனெனில் கோழிக்கு எது வேண்டும் என்பதைக் கோழியே இங்கு தேர்ந்து காட்டியது.

தூசியைப் பற்றி இவ்வளவு விரிவான அறிவு திரளவில்லை. இறகுத் துணுக்கு, உதிர்ந்த தோல், தீவனப் பொடி, காய்ந்த எச்சம், கூளத் துகள் ஆகியவை கலந்த இத்தூசியில் 5 மைக்ரானுக்கும் குறைவான துகள்கள் நுரையீரலையும் காற்றுப்பைகளையும் எட்டுகின்றன. அவற்றோடு இறந்த நுண்ணுயிரிகளின் செல்சுவர் நச்சும் உயிருள்ள கிருமிகளும் பயணம் செய்கின்றன. கொட்டகையில் முழுநாளும் உழைக்கும் தொழிலாளரின் மூச்சிரைப்புக்கும் நாட்பட்ட இருமலுக்கும் காரணம் இதே தூசிதான். கோழியின் நலமும் தொழிலாளியின் நலமும் ஒரே காற்றைப் பொறுத்தவை என்பது இத்துறையில் போதிய அழுத்தத்தோடு சொல்லப்படாத உண்மை.

தூசி தொடர்பாக நலவியலாளரைச் சங்கடப்படுத்தும் ஒரு முடிவையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் ஒரே பண்ணையில் வழக்கமான கூண்டு, வசதிகள் கூட்டிய பெரிய கூண்டு, கோழிகள் தரையிலும் மேல் தளங்களிலும் தாராளமாக நடமாடும் கூண்டில்லாக் கொட்டகை ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு 2010-களில் நடந்த பெரிய ஆய்வில், கூண்டில்லாக் கொட்டகையில் அமோனியா கூடுதலாகவும் தூசி பலமடங்காகவும் இருந்தன. கோழி மண்குளியல் ஆடவும் கிளறவும் தரப்படும் கூளமே தூசிக்கும் ஊற்று. இதைக் கூண்டுக்கு ஆதரவான வாதமாக எடுப்பது தவறு. நடக்கவும் இறக்கை விரிக்கவும் இயலாத வாழ்வின் துன்பத்தை நல்ல காற்று ஈடுசெய்யாது. ஆனால் கூண்டை ஒழிப்பதோடு வேலை முடிந்தது என்று கருதுவதும் அதே அளவு தவறு. கூண்டிலிருந்து விடுபட்ட கோழிக்குக் கூடுதலான காற்றுப் பராமரிப்பு தேவை என்பதே அதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம்.

காற்றைச் சட்டத்தின் எல்லைக்குள் கொண்டுவந்த முயற்சிகளில் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2007-ஆம் ஆண்டுக் கறிக்கோழி நெறிமுறை முதன்மையானது. ஒரு சதுர மீட்டருக்கு 33 கிலோ உயிர் எடைக்கு மேல் கோழிகளை வளர்க்க விரும்பும் பண்ணை, கோழியின் தலை உயரத்தில் அமோனியா 20 பிபிஎம்மையும் கரியமில வாயு 3,000 பிபிஎம்மையும் தாண்டாமல் வைத்திருக்க வேண்டும். வெளியே நிழலில் வெப்பம் 30 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகும்போது உள்ளே அதைவிட 3 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது. வெளியே 10 டிகிரிக்குக் கீழே குளிரும்போது உள்ளே 48 மணி நேரச் சராசரி ஈரப்பதம் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. இந்த விதிகளில் மிக மதிப்புள்ளது எண்களைவிட, தலை உயரத்தில் என்ற நிபந்தனை. நிற்கும் மனிதனின் மூக்குக்கும் கூளத்தில் படுத்திருக்கும் கோழியின் மூக்குக்கும் இடையே நாலைந்து அடி இருக்கிறது. மேலும் மனித மூக்கு சில நிமிடங்களில் அமோனியாவுக்குப் பழகி மழுங்கிவிடும் என்பதால், ஆண்டுக்கணக்கில் கொட்டகையில் புழங்குபவர் வாடை இல்லை என்று சொல்வதை அளவீடாகக் கொள்ள இயலாது.

இந்நெறிமுறைக்குப் பின்னணியில் நடந்த விவாதத்தில் மரியன் டாக்கின்ஸ் குழுவினர் 2004-இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வுக்குத் தனியிடம் உண்டு. பத்துப் பெரிய நிறுவனங்கள் தங்கள் வணிகப் பண்ணைகளையே சோதனைக்களமாகத் தர, 27 லட்சம் கறிக்கோழிகளை வெவ்வேறு நெருக்கத்தில் வளர்த்துப் பார்த்ததில், கோழிகளின் நலத்தில் காணப்பட்ட வேறுபாடுகளை நெருக்கத்தைவிடக் கூளத்தின் ஈரம், வெப்பம், ஈரப்பதம், அமோனியா ஆகிய கொட்டகைச் சூழலே அதிகமாக விளக்கியது. நெருக்கம் மிக முற்றும்போது நடையும் வளர்ச்சியும் கெடுவதை அதே ஆய்வு காட்டியதால், எத்தனை கோழிகளை வேண்டுமானாலும் அடைக்கலாம் என்பதற்கு இது உரிமம் ஆகாது. தமிழ்நாட்டுக்கு இந்த முடிவு ஒரு தனிப் பொருளைத் தருகிறது. பல்லடம் வட்டாரத்தின் திறந்த கொட்டகையில் ஒரு கறிக்கோழிக்குச் சுமார் ஒரு சதுர அடி இடம் தரப்படுகிறது; 2 கிலோ எடையில் கணக்கிட்டால் சதுர மீட்டருக்கு 22 கிலோவுக்கும் குறைவு, அதாவது ஐரோப்பா அளவிட வேண்டாம் என்று விட்டுவிட்ட எல்லைக்கும் கீழே. அப்படியிருந்தும் கூளம் நனைந்திருக்க, பக்கத் திறப்புகளைப் படுதா மூன்று நாள் மூடியிருந்தால், அந்தக் கொட்டகையின் காற்று கெட்டுவிடும்.

திறந்த கொட்டகை தானாகக் காற்று வாங்கும் கட்டடம். கிழக்கு மேற்காக நீளம், 30 அடிக்கு மிகாத அகலம், ஓர் அடி அல்லது ஒன்றரை அடி மட்டுமே உயர்ந்த பக்கச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை, வெயிலும் சாரலும் உள்ளே விழாதபடி நீண்ட கூரைத் தாழ்வாரம், முகட்டில் வெப்பக்காற்று வெளியேறத் திறப்பு ஆகிய அமைப்புகள் வெப்பநாட்டுக்கென்றே உருவானவை. இவற்றுள் அகலம்தான் மிக அடிக்கடி மீறப்படுவது. கொட்டகை அகலமாக அகலமாக நடுப்பகுதியில் காற்று தேங்கிப்போகும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் தென்மேற்குக் காற்றின் பாதையில் பல்லடமும் உடுமலைப்பேட்டையும் அமைந்திருப்பதால், ஆனி, ஆடி மாதங்களில் அங்குள்ள கொட்டகைகளுக்கு விசிறி தேவைப்படுவதில்லை. அந்த மாதங்களில் தொல்லை தருவது காய்ந்த கூளத்தின் தூசி மட்டுமே. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் நிலைமை தலைகீழாகிறது. காற்றே ஈரமாக இருப்பதால் கூளம் காய்வதில்லை, சாரலுக்குப் பயந்து படுதாவை இறக்கியதும் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லை. மார்கழிக் குளிரில் இரவு முழுவதும் மூடிவைப்பதும், ஆண்டு முழுவதும் ஒவ்வொரு தொகுதிக் குஞ்சும் வந்திறங்கும் முதல் இரு வாரங்களில் சூடு தங்க நாற்புறமும் மூடுவதும் இதே விளைவைத் தருகின்றன. கரிச் சட்டியோ எரிவாயு அடுப்போ வைத்துச் சூடேற்றும் கொட்டகையில் கரியமில வாயுவும், அரைகுறையாக எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடும் சேர்கின்றன. குஞ்சு சோம்பிக் கிடப்பதைக் குளிர் என்று எண்ணி மேலும் மூடுவது இந்நிலையில் நடக்கும் கொடிய பிழை.

மூடிய கொட்டகையின் கெட்ட காற்றை வெளியேற்ற விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. சூடான, ஈரமான, கெட்ட காற்று மேலே எழும். ஆகவே படுதாவின் அடிப்பகுதியைச் சுவரோடு பொருத்தி, மேற்பகுதியில் ஓர் அடி திறந்துவிட்டால் சூட்டைப் பெரிதும் இழக்காமல் அக்காற்று வெளியேறும். பல பண்ணைகளில் படுதா மேலே கட்டப்பட்டுக் கீழிருந்து சுருட்டப்படுகிறது. அப்போது திறக்கும் முதல் இடைவெளியே குஞ்சின் உடல்மீது குளிர்காற்றை வீசுகிறது, அதைக் கண்ட பண்ணையாளர் முழுவதும் மூடிவிடுகிறார். படுதாவைத் தலைகீழாக மாற்றிக் கட்டும் இந்த ஒரு திருத்தம், செலவுக்கும் பலனுக்கும் உள்ள விகிதத்தில் வேறெந்தப் பரிந்துரையையும் மிஞ்சும்.

காற்றைக் காப்பதன் பெரும்பகுதி தரையைக் காப்பதில் இருக்கிறது. விற்பனை எடையை நெருங்கும் கறிக்கோழி நாளொன்றுக்குக் கால் லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் குடிக்கிறது. 5,000 கோழிகள் உள்ள கொட்டகைக்குள் தினமும் 1,250 லிட்டர் செல்கிறது, அதன் பெரும்பகுதி மூச்சாகவும் எச்சமாகவும் உள்ளேயே வெளிவருகிறது. அதைக் காற்று எடுத்துச் செல்லாவிட்டால் கூளம் ஏந்த வேண்டும். கூளத்தின் ஈரம் 20 முதல் 30 விழுக்காட்டுக்குள் நிற்பது நல்லது. கையில் பிடித்து இறுக்கிவிட்டுத் திறந்தால் உதிர வேண்டும், உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. கொங்கு வட்டாரத்தில் பரவலாகப் பயன்படும் தென்னை நார்க்கழிவு தன் எடையைப்போலப் பலமடங்கு நீரை உறிஞ்சும், இயல்பில் சற்று அமிலத்தன்மை உடையதும்கூட. ஆனால் நன்கு காயாமல் பரப்பினால் தொடக்கத்திலேயே பாளம் கட்டிவிடும். உமி விரைவில் காயும், உறிஞ்சுவதோ குறைவு. எதைப் பரப்பினாலும் நாள்தோறும் கிளறிவிடுவதும், நனைந்த பாளங்களை எடுத்துவிட்டுப் புதிய கூளம் போடுவதும், கசியும் குடிநீர் நிப்பிளை அன்றே மாற்றுவதும், நிப்பிள் குழாயைக் கோழியின் வளர்ச்சிக்கேற்ப உயர்த்துவதும் அமோனியாவின் பிறப்பிடத்தையே தாக்குகின்றன. ஈரக் கூளத்தில் நிற்கும் கோழியின் உள்ளங்காலும் கணுவும் வெந்து புண்ணாவதால், காலைப் பார்த்தே காற்றை ஓரளவு கணிக்கலாம்.

ஈரத்தைக் கண்டதும் சுண்ணாம்பைத் தூவுவது தமிழ்நாட்டுப் பண்ணைகளின் பழைய வழக்கம். சுண்ணாம்பு கூளத்தைக் காயவைக்கிறது, கிருமியையும் ஓரளவு கொல்கிறது, ஆனால் காரத்தன்மையை உயர்த்துவதால் கட்டுண்டிருந்த அமோனியாவை ஒரே வீச்சில் விடுவிக்கிறது. கோழிகள் வெளியேறிய வெற்றுக் கொட்டகையில், படுதாக்களை உயர்த்திவைத்து அதைப் பயன்படுத்துவது பொருந்தும். கோழிகள் இருக்கும்போது மூடிய கொட்டகையில் தூவுவது அவற்றின் கண்ணில் தூவுவதற்கு ஒப்பாகும். இதற்கு மாறாக, அமிலத்தன்மை தரும் பொருள்கள் அமோனியாவைக் கட்டிவைக்கின்றன. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பிலிப் மூர் குழுவினர் 1990-களில் அலுமினியம் சல்பேட்டைக் கூளத்தில் கலந்து அமோனியாவை வெகுவாகக் குறைத்ததோடு, அந்த எருவிலிருந்து நீர்நிலைகளுக்குக் கரைந்தோடும் பாஸ்பரசையும் குறைத்துக் காட்டினர். இந்தியப் பண்ணைகளில் சூப்பர் பாஸ்பேட் உரம் அதே நோக்கத்துக்குப் பயன்படுவதுண்டு. இவை எல்லாம் துணை மருந்துகளே; கசியும் குழாயை மாற்றாமல் இவற்றை வாங்குவது வீண் செலவு. தீவனத்தில் புரதத்தைச் சற்றுக் குறைத்து, குறைபடும் லைசின், மெத்தியோனின் முதலிய அமினோ அமிலங்களைத் தனியே சேர்ப்பதால், எச்சத்தில் போகும் நைட்ரஜனே குறைகிறது. புரதம் ஒரு விழுக்காடு குறைந்தால் வெளியேறும் நைட்ரஜன் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது பல சோதனைகளின் பொதுக் கணிப்பு.

கோடை வேறொரு சோதனை. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸ் உள்ள அப்பறவை வாயைத் திறந்து இரைப்பதன் மூலமே சூட்டைத் தணிக்கிறது, அப்போது மூச்சு நிமிடத்துக்கு 150-க்கும் மேல் ஏறுகிறது. அந்த இரைப்பு இரத்தத்திலிருந்து கரியமில வாயுவை அளவுக்கு மீறி வெளியேற்றி, ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டைக் குறைப்பதால், சித்திரை, வைகாசியில் நாமக்கல் முட்டைகளின் ஓடு மெலிகிறது. கூரைமேல் தென்னங்கீற்று வேய்வது, வெள்ளை பூசுவது, சொட்டுநீர் விடுவது, உள்ளே பனித்துளித் தெளிப்பான் இயக்குவது ஆகியவை வழக்கத்தில் உள்ளன. வறண்ட காற்றில் தெளிப்பான் நன்கு பயன்படும். கடலோரத்திலோ மழைக்கு முந்தைய புழுக்கத்திலோ அது கூளத்தை நனைத்து, இரைப்பின் பயனையும் குறைத்துவிடும். அத்தகைய வேளையில் தண்ணீரைவிட வேகமாக நகரும் காற்றே கோழியைக் காக்கும்.

வேகமான காற்றை உறுதி செய்யும் நோக்கில்தான் சுற்றுச்சூழல் கட்டுப்பாட்டுக் கொட்டகைகள், பண்ணையாளர் வழக்கில் இசி ஷெட்கள், பெருகிவருகின்றன. ஒரு முனையில் நீரில் நனைந்த அட்டைத் திரை, மறுமுனையில் பெரிய வெளியேற்று விசிறிகள், இடையே சுரங்கம்போல நீளும் மூடிய கொட்டகை என்ற அமைப்பில், நொடிக்கு 2 முதல் 3 மீட்டர் வேகத்தில் காற்று கோழிகளின் மேல் பாய்கிறது. முட்டைக்கோழிக்கான இத்தகைய கொட்டகைகளில், மாதக்கணக்கில் கூண்டுக்கடியில் குவியும் எச்சத்துக்குப் பதிலாக, ஓடும் பட்டை அதை வாரத்தில் சில முறை வெளியேற்றுவதால் அமோனியாவும் ஈயும் வெகுவாகக் குறைகின்றன. நன்மைகள் உண்மையானவை. ஆனால் முதலீட்டை மீட்க ஒரு கோழிக்கான இடம் சுமார் 0.7 சதுர அடிவரை சுருங்குகிறது. மின்சாரம் நின்று ஜெனரேட்டரும் இயங்காவிட்டால் சில நிமிடங்களிலேயே மூச்சுத்திணறல் தொடங்கி, ஆயிரக்கணக்கான பறவைகள் இறக்கின்றன. திறந்த கொட்டகை மெல்லத் தவறும், மூடிய கொட்டகை ஒரேயடியாகத் தவறும். எச்சரிக்கை மணியும் இரண்டாவது மின்னாக்கியும் இல்லாத மூடிய கொட்டகைக்கு உரிமமே தரக்கூடாது.

கெட்ட காற்று மருந்துச் செலவாகவும் உருமாறுகிறது. குற்றிழை உதிர்ந்த மூச்சுக்குழலில் மைக்கோபிளாஸ்மாவும் ஈ. கோலியும் குடியேறுகின்றன, அவற்றுக்கு நுண்ணுயிர்க்கொல்லி தரப்படுகிறது. மனிதருக்கான கடைசிப் புகலிடமாகிய கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கப்படும் விலங்குகளுக்கு விற்பதை இந்திய அரசு 2019-இல் தடை செய்தது. தடை தேவைதான், எனினும் மருந்தைத் தேவையாக்கிய காற்றைத் திருத்தாமல் மருந்தை மட்டும் விலக்கினால், துன்பம் கோழியிடமே தங்கிவிடும்.

இந்தியச் சட்டத்தின் பார்வை இன்னும் கொட்டகைக்கு வெளியேதான் நிற்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020-இல் பிறப்பித்த ஆணையைத் தொடர்ந்து மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கோழிப்பண்ணைகளுக்கான வழிகாட்டு நெறிகளைத் திருத்தியது. அவற்றின் அக்கறை அண்டையில் வாழும் மக்களைத் தாக்கும் நாற்றம், ஈ, நீர்மாசு பற்றியது, அதுவும் நியாயமானதே. முட்டைக்கோழி, கறிக்கோழி வளர்ப்பின் நிலைமைகளைப் பற்றிச் சட்ட ஆணையம் 2017 ஜூலையில் தந்த 269-ஆம் அறிக்கை கோழியின் நலத்தைப் பேசியது. ஆயினும் கோழியின் தலை உயரத்துக் காற்றை யார், எப்போது, எதனால் அளப்பது என்ற நடைமுறைக்கு நாட்டில் இன்னும் சட்ட வலிமை வாய்க்கவில்லை. அமோனியா அளக்கும் நிறம் மாறும் தாளும் குழலும் விலை அதிகமில்லாதவை; விடியலுக்கு முன், படுதா திறப்பதற்கு முன், கொட்டகையின் நடுவில் குனிந்து அளந்தால் அன்றைய மிக மோசமான நிலை தெரிந்துவிடும். பகலில், வாசலருகே, நின்றபடி எடுக்கும் அளவீடு யாருக்கும் பயன்படாது.

இவ்வளவு தெரிந்திருந்தும் காற்று திருந்தாததற்குக் காரணம் அறியாமை என்று கால்நடைத் துறை நூல்கள் பொதுவாகக் கருதுகின்றன. தமிழ்நாட்டின் கறிக்கோழித் தொழிலைப் பொறுத்தவரை அது பாதி உண்மையே. ஒப்பந்த முறையில் குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவை நிறுவனத்துக்குச் சொந்தம். கொட்டகை, கூளம், தண்ணீர், மின்சாரம், உழைப்பு ஆகியவை வளர்ப்பவரின் பொறுப்பு, அவருக்குக் கிடைப்பது எடைக்கணக்கில் வளர்ப்புக் கூலி. காற்றைக் காக்கும் ஒவ்வொரு செலவும், விசிறியாயினும் புதிய கூளமாயினும் நிப்பிளாயினும், கோழிக்கு உரிமையில்லாதவர் தலையில் விழுகிறது. அதன் பலன்களில் பெரும்பகுதி கோழிக்கு உரிமையுள்ள நிறுவனத்துக்குப் போகிறது. இந்தப் பிரிவினை நீடிக்கும்வரை பயிற்சி முகாம்கள் மட்டும் பெரிதாக எதையும் மாற்றப்போவதில்லை. வளர்ப்பு ஒப்பந்தத்தில் கோழியின் தலை உயரத்தில் அமோனியா 20 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு எழுதப்பட வேண்டும். அதை எட்டத் தேவையான கூளத்துக்கும் படுதாவுக்கும் விசிறிக்கும் நிறுவனம் பங்கு செலுத்த வேண்டும். தொகுதிதோறும் எடுத்த அளவீட்டை எடைச் சீட்டோடு சேர்த்து வளர்ப்பவருக்கும் கால்நடை பராமரிப்புத் துறைக்கும் தர வேண்டும்.